மூளைக்குக் கூலி தனி

மச்சினி, அத்தானுக்கு ஒரு போர்வைக்கு ஓரம் தைத்த கூலி பாக்கி வைத்திருந்தாள். இதில் மறைக்க ஒன்றுமில்லை, தெருவுக்கே தெரிந்த பாக்கி. தொகையைச் சொன்னால் சிரிப்பீர்கள். இரண்டு பேர் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு எழுந்தால் பாதி தீர்ந்துவிடும். அந்தக் காசை அத்தான் ஒரு மழைக்காலம் முழுக்கக் கேட்டுக் கேட்டுத் தொண்டையைத் தேய்த்தார். மச்சினி ஒரு நாளும் தரமாட்டேன் என்று சொல்லவில்லை. தரவும் இல்லை.

கேட்டவர் முதலாளி. கொடுக்க வேண்டியவள் அவர் கடையிலேயே கூலிக்கு ஓரம் தைக்கிறவள். குதிரைக்காரன் குதிரையிடம் போய்ச் சம்பளம் கேட்ட மாதிரி இருந்தது கதை.

முதலாளிக்குத் தெருவில் கெஜத்தார் என்று பெயர். கடை வைப்பதற்கு முன்னால் சைக்கிள் கேரியரில் துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு வீடு வீடாக விற்றவர். அளவுகோல் வாங்கக் கையில் காசில்லை. துணியின் ஒரு முனையை மூக்கு நுனியில் வைத்து, தலையை இடப்பக்கம் திருப்பி, வலது கையை விறைப்பாக நீட்டுவார். மூக்கிலிருந்து விரல் நுனி வரைக்கும் ஒரு கெஜம். பெரிய கடைக்காரர்கள் இரும்புக் கோலோடு வந்து சோதித்துப் பார்த்தார்கள், நூலளவு பிசகவில்லை. "கடவுள் எல்லாருக்கும் கை கொடுத்தான், எனக்கு மட்டும் கோல் கொடுத்தான்" என்று அன்று சொல்ல ஆரம்பித்தவர், அதன்பின் நிறுத்தவே இல்லை.

படிப்பு மூன்றாம் வகுப்பு. அதற்கு மேல் பள்ளிக்கூடத்துக்கு அவரைத் தாங்கும் சக்தி இல்லை என்பது அவர் கட்சி. விற்றது போக மிஞ்சிய துண்டுத் துணிகளைப் பார்த்து மற்ற வியாபாரிகள் முகத்தைச் சுளித்தார்கள். அவர் மட்டும் அந்தத் துண்டுகளைக் கட்டம் கட்டமாகச் சேர்த்து, நடுவில் பஞ்சு பரப்பி, அடியில் ஒரு துணி கொடுத்து, மூன்றையும் சேர்த்துத் தைத்துப் போர்வையாக்கினார். துண்டில் தொடங்கிய கடைக்கு இன்றைக்கு முன்பக்கம் கண்ணாடி, பின்பக்கம் நீள அறை, அறை நிறையத் தையல் மெஷின், நடுவில் ஆள் படுக்கலாம் போன்ற வெட்டு மேஜை. இத்தனையும் ஒற்றைக் கத்திரிக்கோலில் வந்தது என்பார். வீட்டுக்காரம்மா திருத்துவாள்: "அந்தக் கத்திரிக்கோலும் எங்க அப்பாது."

ஒட்டுப் போர்வைக்கு உயிர் நடுவில் இல்லை, ஓரத்தில் இருக்கிறது. மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றும் ஓரத்தில் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். அந்த வாயை மூட நீளமான துணிப் பட்டி ஒன்றை வெட்டி, நீளவாக்கில் மடித்து இஸ்திரி போட்டு, முன்பக்கம் மெஷினில் ஓட்டி, பின்பக்கம் திருப்பி, நூல் தெரியாமல் கையால் தைக்க வேண்டும். கெஜத்தாரின் கடையில் இந்த வேலையை ஆரம்பத்திலிருந்து செய்கிறவள் அவருடைய மச்சினி, வீட்டுக்காரம்மாவின் தங்கை. இஸ்திரிக் கடை மாடியில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தாள். அவள் ஓரம் தைத்த போர்வை கந்தலானாலும் ஓரம் பிரியாது.

அவளுக்குக் கூலி, சுவரில் தொங்கும் பலகைப்படி. அந்தப் பலகையைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. போர்டு எழுதும் பெயிண்டர் எழுத்துக்கு இவ்வளவு என்று காசு கேட்டார். எழுத்துக்கெல்லாமா காசு என்று கெஜத்தாருக்கு ஆத்திரம். அவரே பிரஷ் வாங்கி, ஸ்டூல் போட்டு ஏறி, நீலப் பெயிண்டில் எழுதினார். ஓரம், கெஜத்துக்கு இவ்வளவு. அதன் கீழே, மூலைக்கு மடிப்பு வேலை இருப்பதால் அதற்குத் தனிக் கூலி என்று பெருந்தன்மையோடு ஒரு வரி:

"மூளைக்குக் கூலி தனி."

இறங்கி நின்று, தலையைச் சாய்த்து ரசித்தார். வீட்டுக்காரம்மா உள்ளே வந்து படித்தாள்.

"என்னங்க, மூளைக்குக் கூலின்னா நம்ம கடையில யாருக்குக் கொடுப்பீங்க?"

வேறு ஆளாக இருந்தால் அழித்திருப்பார். கெஜத்தார் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். "தெரிஞ்சுதான் எழுதினேன். மூலை மடிக்க மூளை வேணும்ல? அதான்."

அன்றிலிருந்து அந்தக் கடையில் மூலைக்குப் பெயரே மூளை என்றாகிவிட்டது. "ரெண்டாவது மூளை கொஞ்சம் கோணலா இருக்கு" என்று ஒருத்தி சொல்வாள். "ஈரம் பட்டிருக்கும், மூளையை நல்லா இஸ்திரி போடு" என்பாள் இன்னொருத்தி. புதிதாக வரும் வாடிக்கையாளர்கள் மிரண்டு போவார்கள்.

கணக்கு வழக்கை மகள் எடுத்துக்கொண்ட பிறகுதான் வம்பு முளைத்தது. அதுவரை மச்சினி தைத்து முடித்த போர்வையைக் கெஜத்தாரே மூக்கில் வைத்து, கையை நீட்டி, சுற்றி அளந்து கூலி போடுவார். மகள் வந்ததும் ஒரு டேப் வாங்கிவந்து மேஜையில் போட்டாள்.

"அப்பா, இனிமே இதுலதான் அளவு."

"போடும்மா. டேப்பும் என் கையும் ஒண்ணுதான். டேப்புக்கு மூக்கு கிடையாது, அவ்வளவுதான் வித்தியாசம்."

அடுத்த மாதம் மச்சினி மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள். சேலை நுனியில் நூல்துணுக்குகள் ஒட்டியிருந்தன.

"அத்தான், இணைப்புக்குத் தனியா ஒரு கூலி போட்டுக் கொடுங்க."

"எந்த இணைப்பு? கேஸ் இணைப்பா?"

"பட்டி சுத்தி வந்து கடைசியில தலையும் வாலும் சேருற இடம். அந்த ஒரு சாண் இடம் ஒரு பக்கம் முழுக்கத் தைக்கிற நேரத்தைத் தின்னுடுது."

"ஒரு சாணுக்குத் தனிக் கூலியா? விட்டா ஊசியில நூல் கோக்கவும் கூலி கேப்ப."

"கேக்கணும்தான். எனக்கு வயசு என்ன ஆகுது? நூல் கோக்கறதே பாதி வேலை." அவள் சிரித்தாள், ஆனால் நகரவில்லை. "வாடகையை ஏத்திட்டாங்க அத்தான். போன மாசத்துலேர்ந்து கூலி கையைக் கடிக்குது. பக்கத்துத் தெரு மெத்தைக் கடையில கூப்பிடுறாங்க. போக மனசில்ல, அதான் கேக்குறேன்."

இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு யோசித்திருக்கலாம். தவளையும் தன் வாயால்தான் கெடுகிறது. தவளைக்காவது தான் முதலாளி என்ற நினைப்புக் கிடையாது.

"ஓரம் தைக்கிறது ஒரு வேலையா? ஓரமா உக்காந்து தைக்கிறது. இந்தத் தெருவுக்கே போர்வைன்னா என்னன்னு காட்டினவன் நான். டீ ஆறுறதுக்குள்ள இணைச்சுக் காட்டட்டுமா?"

"காட்டுங்க."

"என்னது?"

"ஒரு போர்வைக்கு நீங்க ஓரம் தைங்க. அதுக்கு நான் முதலாளி. பலகைப்படி கூலி நானே என் கையால தரேன். இணைப்பு ஒண்ணுமில்லாத வேலைன்னு நீங்க காட்டிட்டா, இனிமே வாயத் திறக்க மாட்டேன்."

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. பின்னறையிலிருந்து வீட்டுக்காரம்மாவின் குரல் வந்தது: "மாட்டிக்கிட்டாரு."

ஒரு லாரி டிரைவர், வண்டியில் படுத்துத் தூங்குவதற்காகச் சொல்லியிருந்த போர்வை மேஜையில் இருந்தது. சாம்பலும் நீலமும் கட்டம். ஓரம் மட்டும் பாக்கி. மகள் டேப்பைப் பிடித்து நாலு பக்கத்தையும் அளந்து சொன்னாள். பட்டித் துணியை மட்டும் கெஜத்தார் டேப்பில் அளக்க விடவில்லை. அது மானப் பிரச்சினை. மூக்கில் வைத்தார், தலையைத் திருப்பினார், கையை நீட்டினார், எண்ணினார். மகள் சொன்ன அளவுக்கு மேல் தாராளமாக ஒரு சாண் விட்டு வெட்டினார்.

மச்சினி போய் முதலாளி நாற்காலியில் உட்கார்ந்தாள். விசிறியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஒரு தட்டில் வேர்க்கடலையும் வைத்துக்கொண்டாள்.

"என்னப்பா, அங்க வேலை நடக்குதா, வாய் நடக்குதா?" என்று குரல் கொடுத்தாள். அது கெஜத்தார் தினமும் சொல்லும் வாசகம். அறை முழுக்கத் தெரிந்த வாசகம் என்பதால் அறை முழுக்கச் சிரித்தது.

கெஜத்தார் மெஷினில் உட்கார்ந்து பட்டியைச் சரியாக ஒரு மூலையிலிருந்தே ஓட்ட ஆரம்பித்தார். ஓரம் தைக்கிறவர்கள் ஒரு பக்கத்தின் நடுவிலிருந்து, ஒரு முழ வாலைத் தொங்கவிட்டுத் தொடங்குவார்கள் என்பது அவருக்குத் தெரியும். இத்தனை காலமாகப் பார்க்கிறாரே. ஆனால் பார்ப்பது வேறு, கை அறிவது வேறு. பிரித்துவிட்டு நடுவிலிருந்து தொடங்கினார்.

அடுத்து முதல் மூலை. விளிம்பு வருவதற்குக் கால் அங்குலம் முன்னாலேயே தையலை நிறுத்தி, பட்டியை மேலே சாய்த்து மடித்து, மறுபடி கீழே மடித்து, அங்கிருந்து அடுத்த பக்கம் போக வேண்டும். கெஜத்தார் வேகத்தில் விளிம்பைத் தாண்டி ஓட்டிவிட்டார். மூலை, தூங்குகிறவன் காது ஒரு பக்கம் மடங்கிய மாதிரி நின்றது.

"முதல் மூளை போச்சு" என்றாள் யாரோ.

"வெளிச்சம் சரியில்ல" என்றார். ஆடத் தெரியாதவனுக்கு மேடை கோணல் என்று அவரே நூறு பேரைச் சொல்லியிருக்கிறார். சொன்ன வாய் இப்போது உள்ளுக்குள்ளேயே அவரைப் பார்த்துச் சிரித்தது.

மற்ற மூன்று மூலைகள் பரவாயில்லை. மூன்றாவது மூலை உண்மையிலேயே அழகாக வந்தது. அதைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே டீ கேட்டார். டீ வந்தது. ஆறுவதற்குள் இணைத்துவிட வேண்டும்.

தலையையும் வாலையும் எடுத்து, முகத்தோடு முகம் வைத்து, சாய்வாகத் தைத்து, விட்டுப் பார்த்தார். பட்டி ஒரு முறுக்கு முறுக்கிக்கொண்டு, குளித்துவிட்டுப் பிழிந்த துண்டு மாதிரித் தொங்கியது. பிரித்தார். திருப்பிப் போட்டுத் தைத்தார். இந்த முறை வேறு பக்கம் முறுக்கியது. நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வியர்வை சாம்பல் கட்டத்தில் விழுந்தது. மறுபடி பிரித்து, நிதானமாகப் பார்த்து, குண்டூசி குத்தி, முறுக்கில்லாமல் நேராக்கினார்.

நேராக்கிய பிறகுதான் தெரிந்தது, பட்டி போதவில்லை. தலைக்கும் வாலுக்கும் நடுவே வெற்றிடம் பல்லைக் காட்டியது.

இழுத்துப் பார்த்தார். பட்டியை இழுக்க இழுக்கப் போர்வையின் ஓரம் காய்ந்த இலை மாதிரிச் சுருண்டது. டீ ஆறி ஆடை படிந்துவிட்டது.

"அளந்துதானே வெட்டினேன்! ஒரு சாண் கூட விட்டு வெட்டினேன். யார் துணியைத் தின்னது?"

மகள் டேப்போடு வந்தாள். "அப்பா, மூக்குல வச்சு நீட்டுங்க."

நீட்டினார். அவள் மூக்கிலிருந்து விரல் வரை டேப்பைப் பிடித்தாள். நெற்றியைச் சுருக்கினாள்.

"அப்பா, முழங்கையை நீட்டுங்க."

"நீட்டித்தான் இருக்கேன்."

யாரும் சிரிக்கவில்லை. அந்த முழங்கை, காலமெல்லாம் மூட்டை சுமந்து, மெஷின் தள்ளி, எப்போதோ ஒரு நாள் அவருக்குச் சொல்லாமலேயே மடங்கிப்போயிருந்தது. நீட்டினதாக அவர் நினைத்தார். கை அப்படி நினைக்கவில்லை. ஒரு கெஜத்துக்கு இரண்டு விரல் குறைந்தது.

கெஜத்தாருக்குப் பள்ளிக்கூடக் கணக்கு வராது. காசுக் கணக்கு தூக்கத்திலும் வரும். மடங்கிய கையைப் பார்த்தார். மச்சினியைப் பார்த்தார். கெஜம் சிறுத்தால் ஓரத்துக்குள் அடங்கும் கெஜம் கூடும். கெஜம் கூடினால்...

"அப்போ இத்தனை வருஷமா உனக்கு நான் கூடக் கொடுத்துட்டு வந்திருக்கேன்!"

"ஆமா அத்தான்" என்றாள் மச்சினி, கடலைத் தோலை ஊதிக்கொண்டே. "வீட்டுக்குக் கொண்டுபோய்த் தைக்கிறதை நான் டேப் வச்சு அளந்து பாத்துட்டுத்தான் கொண்டுவருவேன். கூட வந்த காசை இணைப்புக்குன்னு வச்சுக்கிட்டேன். டேப்பு வந்துச்சு, அது நின்னுபோச்சு. அதான் வாய் விட்டுக் கேட்டேன்."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"முதலாளி கை குறையுதுன்னு தொழிலாளி சொல்லலாமா? மரியாதையா இருக்காதே."

கெஜத்தார் வாயைத் திறந்தார். கூடப் போன காசைத் திருப்பிக் கேட்கலாம். கேட்டால், தன் கை குறைந்துபோன சமாசாரத்தைத் தெருவுக்கே பறையறைய வேண்டும். திறந்த வாய் திறந்தபடியே நின்றது.

"கேட்டுடாதீங்க" என்றாள் வீட்டுக்காரம்மா.

மூடிக்கொண்டார். தான் ஏமாளியானதை நினைத்து முதலில் கோபம் வந்தது, பிறகு சிரிப்பு வந்தது. தன் கையே தனக்குதவி என்பார்கள். இவர் கை இவருக்குத் தெரியாமல் மச்சினிக்கு உதவிக்கொண்டிருந்திருக்கிறது. ஒரு பைசா என்னை ஏமாற்றி எவனும் தின்றதில்லை என்று எத்தனை கல்யாணப் பந்தலில் மார்தட்டியிருப்பார்! தின்றது அவருடைய சொந்த முழங்கை.

பிறகு ஒரு துண்டு வெட்டி, வாலோடு சேர்த்து, அதைத் தலையோடு சேர்த்து, பின்பக்கம் திருப்பிக் கையால் தைத்து முடித்தார். விரல் நுனியெல்லாம் ஊசி குத்து. சாயங்காலம் டிரைவர் வந்து போர்வையை விரித்துப் பார்த்து, கோணல் மூலையில் பார்வையை நிறுத்தினார்.

"அது... துணியோட சுபாவம்" என்றார் கெஜத்தார்.

"பரவால்ல பெரியவரே, அதை நான் கால் பக்கம் வச்சுக்குறேன்" என்று மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

போர்வை போயிற்று. கூலி வர வேண்டும்.

"எண்ணட்டுமா அத்தான்? ஓரம் இவ்வளவு, மூளை மூணு. கோணலுக்குக் கூலி கிடையாது, அது நீங்க போட்ட சட்டம்."

"இணைப்பு?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. அறையில் ஊசி விழுந்தால் கேட்கும். உண்மையில் ஒரு ஊசி விழுந்தது, அவர் கையிலிருந்து.

"அது பலகையில இல்லையே" என்றாள் மச்சினி மெதுவாக. "எழுதுங்க, சேத்து எண்ணித் தரேன்."

அங்கே ஆரம்பித்தது மழைக்காலம். இணைப்பு இல்லாமல் கூலியை வாங்கினால், வாழ்க்கையிலேயே அவரை வியர்க்கவைத்த வேலைக்கு விலையே இல்லை என்று அவரே கையெழுத்துப் போட்ட மாதிரி. இணைப்போடு வாங்கினால் மச்சினி ஜெயித்த மாதிரி. இரண்டு பக்கமும் அவருடைய கௌரவம்தான் காவல் நின்றது, ஒரே ஆள் இரண்டு வாசலிலும் நிற்கிற மாதிரி. தினமும் மேஜையைக் கடக்கும்போது கேட்பார்:

"என் கூலி?"

"முடிஞ்சு வச்சிருக்கேன். பலகை?"

"பலகைக்கு என்ன அவசரம்?"

"கூலிக்கும் அவசரமில்ல."

ஓலைப்பாயில் ஒண்ணுக்குப் போனது போல் சளசளவென்று தெரு இதையே பேசியது. வீட்டுக்காரம்மா ஒரு நாள் காலையில் சொன்னாள்: "மெத்தைக் கடைக்காரர் மறுபடி ஆள் அனுப்பினாராம். இவ யோசிக்கிறேன்னு சொல்லியிருக்கா. வாடகை கேக்குறவனுக்கு உங்க கௌரவத்தையா கொடுக்க முடியும்?"

"போகட்டும்" என்றார் கெஜத்தார். ஓரம் தைக்க ஆளா இல்லை?

ஆனால் அந்தப் போர்வைக்குப் பிறகு அவருக்கு ஒரு கெட்ட பழக்கம் தொற்றிக்கொண்டிருந்தது. மச்சினி தைத்து அடுக்கிய போர்வைகளில் இணைப்பைத் தேடுவார். யாரும் பார்க்காதபோது கட்டைவிரலை ஓரத்தில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, சுற்றி வருவார். அவர் விரலுக்குப் பொய் தெரியும். பத்து வகைப் பருத்தியை இருட்டில் பிரித்துச் சொல்லும் விரல். அவர் தைத்த இணைப்பு விரலில் பட்டால் வேகத்தடையில் சைக்கிள் ஏறிய மாதிரிக் குலுக்கும்.

அன்றைக்கு மழைவிட்ட ஒரு மதியம். சிவப்புப் போர்வை ஒன்றை எடுத்தார். விரல் ஒரு சுற்று வந்தது. நாலு மூலை தட்டுப்பட்டது, இணைப்பு தட்டுப்படவில்லை. இன்னொரு சுற்று வந்தார். நகத்தால் சுரண்டிப் பார்த்தார். கண்ணைத் திறந்து, கண்ணாடி போட்டு, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தலை எங்கே, வால் எங்கே என்று தெரியாமல் பட்டி சும்மா போய்க்கொண்டே இருந்தது.

"மூணாவது பக்கம், நடுவுக்குக் கொஞ்சம் இந்தாண்ட" என்றாள் மச்சினி, தலை நிமிராமல். அவள் அங்கேயே உட்கார்ந்து தைத்துக்கொண்டுதான் இருந்தாள்.

அங்கே பார்த்தார். அப்போதும் தெரியவில்லை.

போர்வையை மடித்து வைத்தார். உள்ளே போய் நீலப் பெயிண்டைத் தேடினார். இறுகியிருந்ததை மண்ணெண்ணெய் விட்டுக் கலக்கினார். ஸ்டூல் போட்டு ஏறினார். மகள் ஓடிவந்து ஸ்டூலைப் பிடித்தாள். மூளைக்குக் கீழே, மடங்கிய கையால், நாக்கைத் துருத்திக்கொண்டு எழுதி முடித்தார். இறங்கி வந்து மச்சினியின் முன் நின்றார்.

"போட்டாச்சு. இனிமே ஒவ்வொரு போர்வைக்கும் உண்டு. மெத்தைக் கடைக்காரனுக்குச் சொல்லி அனுப்பு."

மச்சினி எழுந்து வந்து படித்தாள். உதட்டைக் கடித்தாள். அவள் தோள் குலுங்கியது.

"என்ன?"

"அத்தான், நம்ம கடையில இனிமே போர்வையோட இனிப்பும் தர்றோமா?"

பலகையில் பளபளவென்று ஈரமாக இருந்தது: "இனிப்பு தனி."

பிரஷ் கையில் இருந்தது. துடைக்கத் துணியும் பக்கத்திலேயே இருந்தது. "தெரிஞ்சுதான்..." என்று தொடங்கினார். எல்லாரும் அவர் முகத்தையே பார்த்தார்கள்.

"தெரியாமத்தான் எழுதினேன்" என்றார் கெஜத்தார். "மூளையும் தெரியாமத்தான் எழுதினேன். இருக்கட்டும், போங்க. என் கூலியை எடு."

மச்சினி இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்தாள்.

"ஓரத்துக்கு இது. மூளை மூணுக்கு இது."

"நாலாவது மூளை?"

"கோணல்."

"சரி, எனக்கு மூணுதான்னு வச்சுக்க. இனிப்பு ரெண்டு."

"ஒண்ணு. இன்னொண்ணு கை குறைஞ்சதால வந்த ஒட்டு. அது உங்க செலவு."

"கறார் முதலாளிதான் நீ!"

"யார்கிட்ட வேலை பாத்தேன்? கையை நீட்டுங்க அத்தான்."

"நீட்டித்தான் இருக்கேன்."

அவள் அந்த இரண்டு விரல் தூரம் முன்னால் வந்து, விரித்த அவர் உள்ளங்கையில், ஊசி குத்தின தழும்புகளின் மேல், ஒவ்வொரு காசாக எண்ணி வைத்தாள்.